மூன்றாவது நாற்காலி

"அவருக்குச் சொல்லாம எப்படிடீ..."

"வேண்டாம்மா. அவர் வந்து நின்னா ஷெட்டு முழுக்க..."

"செத்தது உங்கப்பா. ஷெட்டு இல்ல."

அம்மா ஏற்கெனவே மேனேஜருக்குப் போன் பண்ணியிருந்தாள். மகள் ஈரத்துணியைப் பிழிந்து அப்பாவின் விரலிடுக்குகளைத் துடைத்தாள். நாலு மாதம் படுத்தே கிடந்தும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை.

ஷெட்டு என்று அவர்கள் சொல்லும் பஸ் பணிமனையில் அப்பாவும் இன்றைய மேனேஜரும் ஒரே நாளில் சேர்ந்த மெக்கானிக்குகள். கூட்டாளிக்குப் பிரேக் வேலை கைக்கு வராது. அப்பா முடித்துக் கொடுத்து, வேலைச்சீட்டில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்வார். அவர் படிப்படியாக ஏறி மேனேஜராகிவிட்டார். அப்பா கடைசிவரை பஸ்ஸுக்கு அடியில்தான். போன வருஷம் மகள் அங்கேயே ஷிப்ட் பொறுப்பாளர் ஆனதும், மேனேஜர் பழைய நன்றிக்கடனைத் தீர்த்துவிட்டார் என்று பணிமனையே முடிவு கட்டியது. நேர்காணலில் மேனேஜருக்குப் போட்டிருந்த மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது அவளுக்கும் உறுத்தல்தான். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்து ஒரு வேலை சொன்னதில்லை.

மேனேஜர் வந்தார். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தண்ணீர் கேட்டு அடுக்களைப் பக்கம் வந்தபோது அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்காகப் பேசினீங்களா?"

"இன்டர்வியூவுல பேசத்தான் கிளம்பினேன். உங்கப்பன் விட்டானா? ஆபீஸ் வாசல்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் ஒண்ணுமில்லேங்கிறாரு, இவன் வலிக்குதுங்கிறான். மூணு தடவ ஈசிஜி எடுக்க வச்சான். அஞ்சு மணி அடிச்சதும், 'இந்நேரம் முடிஞ்சிருக்கும், வாடா டீ குடிப்போம்'னு எந்திரிச்சான் பாரு."

"மத்த ரெண்டு பேர்கிட்ட?"

"உன் பேரைக்கூட நான் சொல்லலம்மா. அவங்களே உன்னத் தேர்வு பண்ணி எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க."

அவருக்குத் தண்ணீர் கொடுக்க மறந்து, மொண்ட செம்புத் தண்ணீரை அவளே குடித்து முடித்தாள். சிரிப்பு வெடித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. அவள் அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, காதோரம் குனிந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் அந்தத் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு வீட்டுல வந்து நின்னியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னப்பா?"