வண்டி வளர்ந்த விதமும் அதை நான் எழுதிக் கெடுத்த விதமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளோடு அதுவே அண்ணனூரில் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. வைகாசி மாதம், தங்கை மகனுக்குக் காதுகுத்து. நாற்காலி இறக்க வந்த பிக்கப் வண்டியின் ஓரத்தில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று கூரைக்கு மேல் நீண்டு, உச்சியில் வளைந்து, தெருவை முறைத்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டிக்குப் போடுவோமே, அதே பி.வி.சி. குழாய். அதே எல்போ.

"என்னங்க இது?" என்றேன்.

"மூக்கு சார்," என்றார் ஓட்டி வந்தவர். மகள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் என்று சொல்கிறவருடைய குரல்.

அப்போது நான் ஏரிகள் சாவதைப் பற்றிக் கனமான கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு நாரை செத்திருந்தது. நாரையை அங்கேயே கிடத்திவிட்டு இந்த மூக்கின் பின்னால் போனேன். இலக்கியம் மன்னித்துவிடும். நாரை மன்னிக்குமா தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'பட்டாபிராமின் மேற்கு வானில் செம்மை படர்ந்தபோது உதயகுமாரின் உள்ளத்தில் ஒரு மலை எழுந்—'

வேண்டாம். அவர் உள்ளத்தில் எழுந்தது மலை இல்லை, ஒரு வீடியோ.

இரண்டாம் தொடக்கம்: 'மனிதன் ஏன் சாலையை விட்டு இறங்குகிறான்? ஆதிகாலம் தொட்டே அவன்—'

இதுவும் வேண்டாம். ஆதிகாலத்தில் கிளம்பினால், நெமிலிச்சேரி வருவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். நெமிலிச்சேரியில் 'நாகவல்லி சாமியானா, வாடகைப் பாத்திரம்' என்று ஒரு கடை இருக்கிறது. கடை நாகவல்லியுடையது. வண்டியின் ஆர்.சி. புத்தகமும் அவர் பெயரில்தான். உதயகுமார் நாகவல்லியின் கணவர். நாற்பத்திரண்டு வயது. வண்டி ஓட்டுவார், பந்தல் கட்டுவார், திரும்பி வந்த கரண்டிகளை எண்ணி, எப்போதும் ஒன்று குறைவாகவே சொல்வார்.

போன மார்கழிக்கு முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை சாப்பிட்டு எழுந்திருக்க நேரமாயிற்று. உதயகுமார் வண்டிக்குள் உட்கார்ந்து போனைத் திறந்தார். சுவரில் பல்லி ஏறுவது போல ஒரு வண்டி பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்து, ஆற்றுக்குள் இறங்கிக் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டே அக்கரை சேர்ந்தது இன்னொன்று. பந்தி முடிந்தது, இலை எடுத்தார்கள், கூடத்தைக் கழுவியும் விட்டார்கள். நாற்காலி எடுக்க ஆள் வரவில்லையே என்று பெண்ணின் தாய்மாமன் வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் அவர் பாறையிலிருந்து இறங்கினார்.

அன்றைக்குப் பிடித்தது. ஆனால் ஒரு சங்கடம். ஆவடி சுற்றுவட்டாரத்தில் ஏறுவதற்கென்று ஒன்றும் கிடையாது. ஆகப் பெரிய சிகரம் ரயில்வே மேம்பாலம். அதில் ஷேர் ஆட்டோவே ஏறுகிறது.

3

அம்பத்தூரில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் அப்பாவு, உதயகுமாருடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்விக்குத் தப்பாக எழுதியவர்.

"பெரிய பெரிய ஆளுங்கோ இதுக்கு லட்சம் லட்சமா கொட்டுறானுங்க மச்சான்," என்றார் அப்பாவு. "நமக்கு அது ஆவாது. நாம கொஞ்சம் கொஞ்சமா போலாம். மாசத்துக்கு ஒரு உறுப்பு."

தை மாதம் டயர். கட்டை கட்டையாகப் பல் வைத்த பெரிய டயர்கள், பழையவை, ரப்பர் ஒட்டிப் புதுசாக்கியவை.

"இன்னாய்யா டயரு டிராக்டர் கணக்கா கீது?" என்றார் நாகவல்லி.

"தெருவெல்லாம் பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டுகீறான் வல்லி. சாதா டயரு நிக்காது."

தெருவைத் தோண்டிப் போட்டிருந்தது நிஜம். (பொய்க்கு அடியில் கொஞ்சம் நிஜத்தை முட்டுக்கொடுக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறோம், ஆனால் எங்களுக்கு விருது தருகிறார்கள்.)

மாசியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை ஒவ்வொன்று கூடுதலாக. 'அண்டா கனம் தாங்கல.' பங்குனியில் வண்டியின் முகத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. இடித்த வீடு ஒன்றின் கேட்டில் பாதி அது. கேட்டில் தோகை விரித்த மயில் இருந்ததால், வண்டிக்கும் பாதி மயில் கிடைத்தது.

"இது எதுக்கு?"

"மாடு வந்து முட்டினா?"

"எந்த மாடு?"

"பொதுவா சொன்னேன்."

சித்திரையில் மூக்கு. 'தூசி.'

(இடையில் ஒரு குறிப்பு. மலை ஏறும் வண்டிகளில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். உதயகுமார் வண்டியில் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டுமே அந்த வேலை. அதை மாற்றுவதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். கேட்டதற்கு அப்பாவு, "அது கடைசி மாசம் மச்சான்" என்றார். எந்த வருடத்தின் கடைசி மாதம் என்பதைச் சொல்லவில்லை.)

4

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் நாகவல்லியைக் கரண்டியோடு கத்துகிறவராக எழுதியிருந்தேன். மூன்று பக்கம் கத்தினார். படிக்கும்போது எனக்கே காது வலித்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. சந்தேகம் தீர்க்க ஆனி மாதத் தொடக்கத்தில் கடைக்குப் போனேன். உதயகுமார் இல்லை. நாகவல்லி நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, கால் விரிசல் விட்டவற்றைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கள வெச்சுக் கதை எயுதுறீங்களாமே சார். நான் அதுல இன்னா பண்றேன்?"

"கத்துறீங்க."

"கத்தறதுக்கு எனக்கு எங்க நேரம்?"

கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போனார். சுவரில் பென்சில் கோடுகள். மகள் கவிப்பிரியா வருடா வருடம் எவ்வளவு வளர்ந்தாள் என்று குறித்தவை. எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அவற்றுக்குப் பக்கத்தில் சாக்பீஸில் வேறு கோடுகள்: தை, மாசி, பங்குனி, சித்திரை. பந்தல் அளக்கும் டேப்பை வைத்து, வண்டியின் பானெட் உயரத்தை மாதாமாதம் குறித்திருக்கிறார்.

"மொதல்ல நான்தான் குள்ளமாயிட்டேன்னு நெனச்சேன் சார். அப்பால அளந்து பாத்தேன். யு.கே.ஜி.ல இருந்துது. இப்ப ரெண்டாங் கிளாஸு. எம்பொண்ணே இவ்ளோ சீக்கிரம் வளரல."

"ஏன் அவர்கிட்ட கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவாரு. எதுவரிக்கும் போறாருன்னு பாக்கணுமில்ல?"

வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்தையும் கிழித்தேன். சாக்பீஸ் கோடுகள் விரிசல் விட்ட நாற்காலிகள் அடுக்கும் மூலையில் இருப்பதால் உதயகுமார் கண்ணில் இதுவரை படவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

5

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

திருவள்ளூர் போகும் வழியில் வற்றிய ஏரி ஒன்றில், 'மண்ரோடு நண்பர்கள்' என்கிற குழு போட்டி வைத்திருந்தது. நடுவில் சேறு, எதிரில் மேடு. சேற்றைக் கடந்து மேட்டில் ஏற வேண்டும். உதயகுமார் இரண்டு வாரம் முன்பே பெயர் கொடுத்துவிட்டார். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. சனிக்கிழமை காலை இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு வண்டிய எப்.சி.க்குக் காட்டணும் வல்லி."

"ஞாயித்துக்கெயமையா?"

உதயகுமார் இட்லியைச் சட்னியில் இரண்டு தடவை புரட்டினார். "ஸ்பெசல் எப்.சி."

(வண்டிக்குத் தகுதிச் சான்று தரும் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. என் கதாபாத்திரத்துக்கு இவ்வளவு மோசமான பொய்யை நான் கொடுத்திருக்கவே மாட்டேன். அவராகச் சொன்னது.)

"சரி, நானும் வரேன்," என்றார் நாகவல்லி. "திருவேற்காட்டு நிச்சயதார்த்தத்துக்கு எரநூறு சேர் ஏத்திக்கோ. உன் எப்.சி.ய முடிச்சுகினு அப்டியே சாய்ங்காலம் எறக்கிடலாம்."

திரும்பிப் போக எத்தனையோ திருப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் உதயகுமாரின் கை ஸ்டியரிங்கில் கொஞ்சம் அசைந்தது. கால் மட்டும் கேட்கவில்லை. வண்டி கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கியதும் நாகவல்லி கேட்டார்:

"எப்.சி. ஆபீசு ஏரிக்குள்ளயா கீது?"

"மாத்திட்டாங்க," என்றார் உதயகுமார்.

6

ஏழு ஜீப்புகள் பளபளவென்று நின்றன. குழுவின் தலைவர் பரத், கழுத்தில் விசில் தொங்க, பி.வி.சி. குழாயைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பாதி மயிலையும் பார்த்தார். "பின்னாடி லோடு இருக்கக் கூடாதுண்ணா," என்றார்.

இருநூறு நாற்காலியும் இறங்கி மண்ணில் வரிசையாகப் போடப்பட்டன. நாற்காலியைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசை நடுவில் நாகவல்லி. ஓரத்தில், பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்த அப்பாவு.

உதயகுமார் எஞ்சினை முறுக்கினார். முதல் இருபதடி அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த இருபதடி. சேறு இரு பக்கமும் சிறகு மாதிரி எழுந்தது. கரையில் யாரோ விசிலடித்தார்கள். ஆறு மாதமாக மறைத்து மறைத்து வளர்த்தது இப்போது வெட்டவெளியில், வல்லி பார்க்க, பறக்கிறது என்று நினைத்தார். இருபத்தோராவது அடியில் பின் சக்கரங்கள் சும்மா சுற்ற ஆரம்பித்தன. வண்டியின் பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக, உட்கார்ந்தது.

"அப்பாவு! தண்ணி எஞ்சினுக்குள்ள போயிடுமா?"

"எஞ்சின ஆப் பண்ணு மச்சான்!"

"அதான் மூக்கு கீதே!"

"மூக்குக்கு இன்னும் உள்ள கனெக்சன் குடுக்கல! அது அடுத்த மாசம்!"

ஏரியே சிரித்தது. பரத் தன் ஜீப்பிலிருந்து கயிறு கொண்டுவந்து முன்தடுப்பில் கட்டி இழுத்தார். வண்டி வரவில்லை. மயில் மட்டும் வந்தது.

நாகவல்லி எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கதவருகே வந்து நின்றார்.

"எப்.சி. பாஸாயிடுச்சா?"

கத்தியிருந்தால் உதயகுமாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரிஞ்சேதான் வந்தியா?"

"தை மாசத்துலர்ந்து தெரியும்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தது. எடுத்துவிட்டார்.

"காலி வண்டி நம்ம தெரு மேட்டயே மழைல ஏறாது," என்றார் நாகவல்லி. "அண்டா ஏத்தினாதான் பின்சக்கரம் புடிக்கும். தெனம் ஓட்டுற, இது தெரியலியா உனக்கு? இன்னான்னாவோ மாட்டுன. கனத்த மாட்டல." திரும்பிக் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சேர்ல குந்திகீறவங்க எல்லாம் எயுந்து வாங்க! சேரோட!"

வந்தார்கள். பந்தி பரிமாறக் கூப்பிட்டது போல வந்தார்கள். இருநூறு நாற்காலியும் ஏறின, கூடவே பதினைந்து பேர் கடைசி விளிம்பில் ஒட்டிக்கொண்டார்கள். சிலர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சேற்றில் கிடந்த பலகை இரண்டைச் சக்கரத்துக்கு முன்னால் அப்பாவு திணித்தார். உதயகுமார் கிளட்சை விட்டார். டயரின் பல் கடித்தது. சம்பந்தி வீட்டார் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆட்களோடு அந்த வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, எதிர் மேட்டில் ஏறி நின்றது. லோடு இருக்கக் கூடாது என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பரத் கடைசி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் நாகவல்லி நாற்காலிகளைத்தான் பார்த்தார். அத்தனையும் சேறு. மணி மூன்று. ஐந்துக்குத் திருவேற்காட்டில் நிச்சயதார்த்தம். கடை ஆரம்பித்துப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நேரம் தவறியதில்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியது. அதைப் பார்த்த உதயகுமாருக்கு, சேற்றில் மாட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வயல் பம்புசெட்டுக்கு ஓடினார். பின்னாலேயே மற்றவர்களும். கழுவினார்கள், துண்டு, பனியன், பரத்தின் தொப்பி எல்லாவற்றாலும் துடைத்தார்கள்.

"தம்பி, எங்க வண்டி பூரா சேறு. உங்க ஜீப்பெல்லாம் சும்மாதான நிக்கிது?" என்றார் நாகவல்லி.

திருவேற்காட்டில் பெண்ணின் அப்பா கோவிந்தராஜ் தெருமுனையில் நிலைகொள்ளாமல் நின்றிருந்தார். மணி ஐந்துக்கு ஐந்து நிமிஷம். முகப்பு விளக்கெல்லாம் எரிய ஏழு ஜீப், ஹாரன் அடித்துக்கொண்டு, வரிசையாகத் திரும்பின.

"மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்கோ!" என்று கத்தினார் அவர். நாயனக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆரத்தித் தட்டோடு ஓடி வந்த அம்மாள், முதல் ஜீப்பிலிருந்து இறங்கிய பரத்துக்கு, யோசிக்காமல், பொட்டு வைத்துவிட்டார்.

குழப்பம் தெளிந்து நாற்காலி போட்டு முடிந்ததும், கோவிந்தராஜ் நாகவல்லியைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, கல்யாணத்துக்கு இந்த ஜீப்பு ஊர்வலத்தையும் சேத்து வாடகைக்குக் குடுப்பியா?"

நாகவல்லி உதயகுமாரைத் திரும்பிப் பார்த்தார். உதயகுமார் சேற்றோடு நின்றிருந்தார்.

"யோசிச்சு சொல்றேங்க," என்றார் நாகவல்லி.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவது: நாகவல்லி எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார். வண்டி யு.கே.ஜி.க்குத் திரும்பு—. நீதிக்கதை வாடை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றச் சொல்கிறார். கணவன் கண்ணீர் மல்—. இதை உதயகுமாரே போனில் சொல்லி எழுதச் சொன்னார். அதனாலேயே விட்டுவிட்டேன்.

தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை நாகவல்லி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனார். உதயகுமார் ரயிலில் பின்னாலேயே போய்ப் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே நாகவல்லி அப்பாவுவிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். கம்ப்ரசர் ஓடியதால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்பாவு வாயைப் பிளந்து கேட்டார், பிறகு வண்டியைப் பார்த்தார், பிறகு உதயகுமாரைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"இன்னாடா சொன்னா?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க மச்சான்."

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் வண்டி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கிறது. "எனக்குத் தூக்கிப் பாக்க பயமா கீது சார், நீங்க வாங்க," என்று உதயகுமார் கூப்பிட்டு, நானும் வந்துவிட்டேன். கடைக்குள் நாகவல்லி கரண்டி எண்ணிக்கொண்டிருக்கிறார், விரலில் புது சாக்பீஸ் பொடியோடு. அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, நான் முயன்றேன். எனக்கோ இடுப்பில் பிடிப்பு. டாக்டர் கனம் தூக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்.

அதனால் நீங்கள் இப்படி முன்னால் வாருங்கள். ஷட்டர் கொஞ்சம் துரு, இடது ஓரமாகப் பிடித்தால் சுலபம். உதயகுமார் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. தொறக்கட்டா, தொறக்கட்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தூக்கிப் பார்த்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் அவருக்கு.