மரியஜான் என்றொரு கட்டளை

மன்னிப்புக் கடிதத்தைச் சங்கத் தலைவர் மரியஜானே தட்டச்சு செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். பிரிஜா கையொப்பமிட வேண்டியதுதான் பாக்கி. ‘கணினி இயக்குபவரின் கவனக்குறைவால் வியாழக்கிழமை காற்று எச்சரிக்கை அனுப்பப்படவில்லை’ என்றிருந்தது.

குளச்சல் மீனவர் சங்கத்தில் அந்த எச்சரிக்கையை அனுப்புவது பிரிஜா எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினி தானே ஓட்டும் ஒரு கட்டளை வரிசை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு அது எழுந்து, பக்கத்திலிருக்கும் அமைப்புக் கோப்பைத் திறக்கும். எவ்வளவு காற்றுக்கு எச்சரிக்க வேண்டும், யார் யாருக்கு, அனுப்புநர் யார் என்று படித்துக்கொண்டு, காற்று அந்த அளவைத் தாண்டினால் அறுநூறு கைபேசிகளுக்குச் செய்தி விடும். அனுப்புநர் பெயர் காலியாக இருந்தால் விடாது. மூன்று மணிக்கு வள்ளங்கள் கடலில் இறங்கும். வியாழக்கிழமை செய்தி வராததால் குழு உறுப்பினர் டைட்டஸும் இறங்கினார். வள்ளம் கவிழ்ந்து, ஒடிந்த கையோடு கரை சேர்ந்தார். இப்போது நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி பிரிஜா, ஒரு கையொப்பம்தானே. போட்டா வேலையாவது மிஞ்சும்” என்றார் தலைவர்.

“போடமாட்டேன்.”

“பின்ன யாருக்க தப்பு? எனக்கா?”

“பாதி எனக்கு. மீதிய அதுகிட்டயே கேப்போம்” என்று பிரிஜா கணினித் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினாள். வியாழக்கிழமைக் கோப்பை எடுத்து, பழைய ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது. பொருளாளர் கிளீட்டஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“மரியஜான், கமாண்ட் நாட் ஃபவுண்ட்.”

“அப்படீன்னா?”

“மரியஜான்னு ஒரு கட்டளை கிடையாதுன்னு அர்த்தம் தலைவரே” என்றாள் பிரிஜா.

யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோப்பில் அனுப்புநர் என்ற இடத்தில் முதலில் ‘சங்கம்’ என்றுதான் இருந்தது. போன மாதம் பொன்னாடையோடு தமக்கு வந்து சேர்ந்த ‘கடற்சுடர்’ பட்டம் அறுநூறு கைபேசிகளிலும் ஒளிவிட வேண்டுமென்று தலைவருக்கு ஆசை. புதன்கிழமை பிரிஜா சாப்பிடப் போன நேரத்தில் தாமே உட்கார்ந்து ‘கடற்சுடர் மரியஜான்’ என்று மாற்றினார். ஸ்கிரிப்டோ அந்தக் கோப்பைப் படிப்பதற்குப் பதில், ஒவ்வொரு வரியையும் கட்டளையாக எண்ணி ஓட்டிப் பார்க்கும் வகை. இரண்டு சொல்லையும் மேற்கோள் குறி போட்டு அடைக்காததால் பட்டத்தை அனுப்புநர் பெயராகவும், மரியஜானை அந்தப் பெயரோடு ஓட்டவேண்டிய நிரலாகவும் எடுத்துக்கொண்டது. அப்படியொரு நிரலைக் கணினி முழுக்கத் தேடிக் கிடைக்காமல், பட்டத்தையும் கைவிட்டு, அனுப்புநரைக் காலியாக விட்டுவிட்டு நின்றது.

“கோப்புல என்ன எழுதினாலும் நம்புகமாதிரி நான் எழுதிவச்சேன். அது எனக்க தப்பு. திருத்தியாச்சு” என்றாள் பிரிஜா. “இப்ப அது எதையும் ஓட்டாது. வரிவரியா வாசிக்கும். காற்று அளவையும் நம்பர்களையும் மட்டும் எடுக்கும். வேற எது இருந்தாலும் தாண்டிப் போவும். அனுப்புநர் இனி எப்பவும் சங்கம்தான்.”

“மேற்கோள் குறி போட்டா எனக்க பேரும் போவும்லா? போட்டு வையி.”

“போவும். ஆனா போடமாட்டேன்.”

“ஒன்னய நாளைக்கே மாத்த எனக்கு எவ்வளவு நேரமாவும்?”

“மாத்துங்க. வாறவகிட்ட இந்தக் கடிதத்தயும் நீட்டுங்க. நான் வியாழக்கிழமை நடந்தத அப்படியே எழுதி, கீழ ஒப்பும் போட்டு வச்சிருக்கேன். ரெண்டாவது ஒப்புக்கு இடம் விட்டிருக்கேன். அது ஒங்களுக்கு.”

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் இரண்டு மணியாகிவிட்டது. மேசையில், சட்டைப்பையில், மடியில் என்று அறையிலிருந்த அத்தனை கைபேசிகளும் கூவின. காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டர், கடலில் இறங்க வேண்டாம், சங்கம்.

கூட்டத்தை முடிப்பதாக யாரும் அறிவிக்கவில்லை. கரையில் நிற்கும் வள்ளங்களை மேலே இழுத்துப்போட ஆளாளுக்கு எழுந்தார்கள். தலைவர் மட்டும் தமது கைபேசியை மேலும் கீழும் தள்ளி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வாசலில் டைட்டஸ் திரும்பினார். “தலைவரே, வள்ளம் ஏத்த ஒரு கை குறையுது. ஒங்க பேரு இல்லாட்டியும் காத்து வரும். வாறேளா?”

பிரிஜா தான் எழுதிய தாளையும் பேனாவையும் மேசையில் தலைவருக்கு நேராக வைத்தாள்.