திறப்பு விழாவுக்கு முந்தின நாள்

ஜனாஸாவைச் சுமந்து வந்தவர்கள் பாலத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். பாலத்தின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்றுகள் நின்றன. எம்எல்ஏ பெயர் பொறித்த கல்வெட்டை மஞ்சள் துணி மூடியிருந்தது. மறுநாள் காலை அவர் வந்து திறப்பதாக ஏற்பாடு.

சந்தூக் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்த யாசின், ஓடையைப் பார்த்தான். மலையில் மூன்று நாளாக மழை. கலங்கிய தண்ணீர் தொடையளவு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் கபர்ஸ்தானின் வேலி தெரிந்தது. சந்தூக்கில் இருந்தது அவனுடைய அத்தா பீர் முகமது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும்.

அந்தப் பாலத்தைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். சில வருடங்களுக்கு முன் இதே போலொரு மழைக்காலத்தில் அவர் மனைவி, யாசினின் அம்மா ஆயிஷா பீவியை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கியபோது ஒருவருக்குக் கால் வழுக்கியது. சந்தூக் சரிந்து, கஃபன் துணியில் சேற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது. அதை அவரால் மறக்க முடியவில்லை. சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, எம்எல்ஏ அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். திட்டமாட்டார், கெஞ்சமாட்டார். உட்கார்ந்திருப்பார். கடைசியில் எம்எல்ஏவே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கிப் பார்த்தார். சட்டசபையில் பேசினார். தன் தொகுதி நிதியிலிருந்தே பணம் ஒதுக்கினார். அதைக் குறை சொல்ல முடியாது. கான்கிரீட் போட்ட நாட்களில் பீர் முகமது தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு வந்து வேலையாட்களுக்கு ஊற்றினார்.

பந்தலுக்குக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கட்சிக் கிளைச் செயலாளர் இருளப்பசாமி வேகமாக வந்தார். வந்தவர் சந்தூக்கைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ரிப்பனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"மாப்பிள, தப்பா நெனைக்காத. மொத காலு பொணமா இருக்கக் கூடாதுப்பா. எம்எல்ஏ அண்ணனுக்கு ஆகாது. போன வருசந்தான் நெஞ்சுல ஆபரேசன் பண்ணியிருக்காக."

அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையில் செய்தி கேட்டதும் முதலில் வந்து வாசலில் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தலைவருக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில், எதிரே நிற்பவனின் துக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பைபாஸ் வழியாகச் சுற்றிப் போகலாமே, வேன்கூட ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். பைபாஸ் தரைப்பாலத்தின் மேலே தண்ணீர் போவது அவருக்கும் தெரியும்.

யாசின் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு எம்எல்ஏவின் உதவியாளர் கௌதம்ராஜுக்குப் போன் செய்தான். எம்எல்ஏ சென்னையில் கூட்டத்தொடரில் இருந்தார். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லி, கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான் கௌதம்ராஜ். அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார். பெரிய மாலையாக அனுப்பச் சொல்லியிருக்கிறார். பாலம் விஷயத்தை உள்ளூரில் இருளப்பசாமியிடம் பேசிக்கொள்ளச் சொன்னார்.

"மாலை நாங்க போடுறதில்லண்ணே," என்றான் யாசின். "எங்கத்தாவுக்கு வழிதான் வேணும்."

அதற்குள் மறுமுனையில் போன் வைக்கப்பட்டிருந்தது.

ரிப்பனை அறுத்து எறியப் போன இளைஞர்களைப் பள்ளிவாசல் இமாம் கையைப் பிடித்து நிறுத்தினார். மையித்தைத் தோளில் வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்றார். இறந்தவரைச் சுமந்து வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதை எந்த ஊரிலும் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு முழம் ரிப்பன் அதை மறக்கடித்துவிட்டதே என்று யாசின் நினைத்தான். மறுபடியும் ஓடையில்தான் இறங்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டினான்.

ஓடைக்கரை வீட்டு மாரிச்செல்வி தொழுவத்தில் நின்று அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பால் வியாபாரம் செய்கிறவள். அவள் பசுவை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கன்று வந்தது.

"மொத காலு நல்ல காலா இருக்கணும். அம்புட்டுத்தானண்ணே?"

"அதுக்கு?"

"ஒன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சயில இந்த மாட்டத்தான கேட்டு வாங்கிட்டுப் போன. இது காலு ஒன் வீட்டுக்கு ஆகும், ஒங்க அண்ணன் பாலத்துக்கு ஆகாதோ?"

இருளப்பசாமி பசுவைப் பார்த்தார், ரிப்பனுக்கு முன்னாலிருந்து ஓரடி விலகினார். மாரிச்செல்வி ரிப்பனை அறுக்கவில்லை. முடிச்சைப் பல்லால் இளக்கி அவிழ்த்து, அழுக்குப் படாமல் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். பசு வாழைக்கன்றில் ஓர் இலையை இழுத்து மென்றுகொண்டே பாலத்தில் ஏறியது. நடுவில் நின்று, வாலைத் தூக்கி, நிதானமாகக் கோமியம் விட்டது. இருளப்பசாமியின் கைகள் தாமாகக் குவிந்தன. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

கலிமா சொல்லிக்கொண்டு சந்தூக் பாலத்தில் ஏறியது. ஒரு கால்கூட வழுக்கவில்லை. சந்தூக் மட்டமாகப் போயிற்று. அத்தா கேட்டது இதைத்தான். மாரிச்செல்விக்காக யாசின் மனதுக்குள் துஆ செய்தான். ஆனாலும் நெஞ்சில் ஒன்று கரையாமல் கிடந்தது. மாட்டைக் கும்பிட்டு விட்ட வழியில், அதற்குப் பின்னால்தான் அத்தாவால் போக முடிந்தது.

மண் தள்ளி, ஓதி முடித்துத் திரும்பும்போது மேற்கே மலைக்கு மேல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பாலம் நனைந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் கரைத்த வாளி இருந்தது. முழுப் பாலத்தையும் கழுவி விட்டிருந்தார்கள். ஊர்ப்பக்கக் கோடியில் ரிப்பன் மறுபடியும் கட்டியிருந்தது.

வருகிறவர்களைக் கண்டதும் இருளப்பசாமி ஓடி வந்து ரிப்பனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "குனிஞ்சு வாங்க மாமா, பாத்து," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். உண்மையாகவே பிரியமாகத்தான் சொன்னார். பெரியவர்கள் முதுகை வளைத்து ஒருவர்பின் ஒருவராக வெளியே போனார்கள். இமாமும் குனிந்து போனார்.

யாசின் மட்டும் கபர்ஸ்தான் கரையிலேயே நின்றான். மஞ்சள் தண்ணீர் அவன் கால்விரல் வரைக்கும் வழிந்து வந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஏலே மாப்பிள, வா. இதுக்கு மேல ஒசத்த எனக்குக் கை எட்டலப்பா."

யாசின் கரைச்சரிவில் இறங்கினான். தண்ணீர் முதலில் முழங்காலைத் தொட்டது, பிறகு தொடையை. ஊர்க்கரையில் மாரிச்செல்வி சேற்றில் இறங்கி, கையை நீட்டியபடி நின்றாள். நடு ஓடையில் அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பாலத்தில் வேறு யாரும் இல்லை. இருளப்பசாமி இன்னும் ரிப்பனை விடாமல், தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.