இரண்டாவது பதிவு

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது என் வேலை. பதினெட்டு வருஷமாக ஊரார் தலையில் கம்பி ஒட்டுகிறேன். என் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

அன்றைக்கு ஒரே ஓட்டம். இதயம் நின்று, மறுபடி ஓடவைக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர் நான்கு நாளாக நினைவில்லாமல் கிடந்தார். வியர்த்திருந்த தலையில் பசையை அள்ளி அப்பிக் கம்பிகளை ஒட்டினேன். திரையில் கோடுகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். ஓட்டுநரின் மனைவியை உட்காரவைத்து, மூளை பெரும்பாலும் போய்விட்டது, சுவாசக் கருவியை எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

என் அறைக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பதிவை மறுபடி திறந்தேன். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் கோடுகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பசை வழிந்து கம்பிகளைச் சேர்த்துவிட்டிருந்தது. அப்படிச் சேர்ந்தால் நல்ல மூளைகூடச் செத்ததுபோல் காட்டும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

மூடி மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்வானேன். பிறகு டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த அம்மாவிடமும் நானே போனேன்.

"முதல்ல எடுத்தது என் தப்பு. மறுபடி எடுக்கணும்."

நான்கு நாளில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. 

இந்த முறை தலையைத் துடைத்து, முடியை வகிர்ந்து, மிளகளவு பசைதான் வைத்தேன். தூக்க மருந்து ஏதும் உடம்பில் இல்லையே என்று நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கை தட்டினேன், நகத்தை அழுத்தினேன். கோடுகள் இப்போது ஒன்றுபோல் இல்லை. ஆனால் ஒன்றுகூட எழவில்லை. எழுந்து தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். பழைய பதிலையே மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"முதல் தடவையும் இப்படித்தானே சொன்னாங்க. இதுலயும் ஏதாவது தப்பு இருக்கும்ல? நல்லா பாருங்கம்மா."

சரியாகத்தான் எடுத்திருந்தேன்.  ஆனாலும் துணியை நனைத்து, இன்னொரு பதிவுக்காக மறுபடி ஓட்டுநரின் தலையைத் துடைக்க ஆரம்பித்தேன்.