குதிரை சாகாத படம்

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். சட்டம் போடுவது சுலபம், அதற்கேற்ற படம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

திரையின் மூலையில் ‘எல்லா வயதினருக்கும்’ என்று எழுதியிருக்கும். நம்பி உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் எவனாவது எவனையாவது மாடியிலிருந்து தள்ளிவிடுவான். இல்லையென்றால் இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டு நெருங்கி நிற்பார்கள். உடனே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும். சரி, கார்ட்டூன் போடலாம் என்று போட்டால் குட்டி மிருகத்தின் அம்மா செத்துப்போகும். பிள்ளைகளுக்குப் படம் எடுக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு அம்மாவைக் கொல்லாமல் கதை சொல்லத் தெரியாதா என்று அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டை ஆளில்லாமல் மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒருவரையும் ஏற்ற மாட்டார். வீட்டுப் படத்துக்கும் அதே முறைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, அந்த வாரத்துப் படத்தைக் கைபேசியில் தனியாகப் பார்த்து முடித்துவிடுவார். எங்கே தாண்ட வேண்டும் என்பது மனப்பாடமாகிவிடும். சனிக்கிழமை அந்த இடம் நெருங்கும்போது, “அட, நெட் மக்கர் பண்ணுதே” என்று ரிமோட்டை எடுப்பார். படம் ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் இறங்கும். முன்பு டிஸ்க் போட்டுப் பார்த்த காலத்தில், “கீறல் விழுந்திருக்கு” என்பார். மனைவிக்கு எல்லாம் தெரியும். “வந்துட்டார் சென்சார் ஆபீசர்” என்று முணுமுணுத்தபடி துணி மடிப்பாள். பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை, எட்டாம் வகுப்பு படிக்கும் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை வீசினாள். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்தக் குதிரைப் படத்துல குதிரை செத்துப்போயிடுமா?”

ஒரு பையன் தன் கிழட்டுக் குதிரைக்குக் கடலைக் காட்ட மலை தாண்டிக் கூட்டிக்கொண்டு போகிற படம். ஆறு வயதில் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதுதான் உயிர். காய்ச்சல் வந்தால்கூட மாத்திரையோடு அந்த டிஸ்க்கையும் கேட்பாள்.

அன்றைக்கு வகுப்பில் பிடித்த படத்தைப் பற்றி எழுந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் அந்தக் கிழட்டுக் குதிரை அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்பதை இவள் கண் கலங்கச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தக் குதிரை மலையிலேயே பனியில் செத்துப்போய்விடும், கடலில் நிற்பது அதே நிறத்தில் வேறொரு குதிரை என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இவள் விடவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பொய் சொல்லாதே என்று திட்டியும் இருக்கிறாள். கடைசியில் டீச்சர் தோளைத் தொட்டு, “சரிம்மா, உட்காரு” என்றாராம். எல்லாரும் சிரித்ததைவிட அந்தக் கனிவுதான் அவளைக் கொன்றுவிட்டது.

“டிஸ்க்ல கீறல்னு சொன்னீங்களே?”

“நீ அப்ப சின்னப் புள்ள. அழுவியேன்னுதான்…”

“அழுதா என்னப்பா?”

பதில் இல்லாத அப்பாக்கள் செய்வதையே அவரும் செய்தார், குரலை உயர்த்தினார். “மத்தியானம் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடாம உங்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்றேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அவள் மசியவில்லை. “இன்னும் என்னென்ன வெட்டினீங்க? அந்த நாய்க்குட்டி நிஜமா வீட்டுக்குத் திரும்பி வந்துச்சா? கப்பல் படத்துல தாத்தா வெளியூருக்குத்தான் போனாரா?”

அவர் கழற்றிய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அதே படம் போடுங்க. முழுசா. இல்லன்னா இனிமே சனிக்கிழமை என்னைக் கூப்பிடாதீங்க.”

அவர் சமையலறைக்குப் போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். “ஊர்ல எந்த அப்பன் இவ்வளவு மெனக்கெடுறான் சொல்லு? போனைக் கையில கொடுத்துட்டு அவனவன் நிம்மதியா இருக்கான்.”

“போட்டுத்தான் காட்டுங்களேன். குதிரைதானே.”

“சின்னவன் இருக்கானே! அஞ்சு வயசுப் புள்ள. ராத்திரியில அழுதா யார் எழுந்திருக்கிறது?”

“இத்தனை நாளா யார் எழுந்தாங்களாம்?” என்று கேட்டுவிட்டு அவள் குழாயைத் திறந்தாள்.

சனிக்கிழமை வந்தது. ரிமோட்டை மனைவி தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சின்னவன் வழக்கம்போல அப்பா மடியில் ஏறிக்கொண்டான். பெரியவள் சோபாவுக்கு வரவில்லை. ஒற்றை நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வந்து உட்கார்ந்தாளே, அதுவே போதும் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

மலை வந்தது. பனி கொட்டியது. அவருக்குக் கை பரபரத்தது. இந்த இடத்தில் எத்தனை முறை தாண்டியிருப்பார்! குதிரை முன்னங்கால் மடித்து விழுந்தது. பையன் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினான். முடிந்தது என்று பார்த்தால் முடியவில்லை, குதிரையின் மூச்சு புகையாக வந்துகொண்டே இருந்தது. அப்புறம் புகை வரவில்லை.

“தூங்குதா?” என்றான் சின்னவன். அவன் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினான். “அப்பா, தூங்குதா?”

“இல்லடா. செத்துப்போச்சு.”

சொல்லிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார். தலையணையில் முகம் புதைந்திருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. எட்டி அவள் தலையைத் தொட்டார். அவள் சட்டென்று விலகினாள்.

“அழும்மா, பரவாயில்ல. அப்பாதானே.”

அவள் நிமிர்ந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. “அப்பவே காட்டியிருந்தா உங்க மடியில உட்கார்ந்து அழுதிருப்பேன்ப்பா. இப்ப எப்படி அழறது?”

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது அவர் ஒரு சத்தம் போட்டிருப்பார். மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

சின்னவனுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஓவென்று அழுதுகொண்டு அவர் சட்டையில் முகத்தை அழுத்தினான். சட்டை நனைந்து ஈரம் உள்ளே இறங்கியது. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழாதே என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

“நிறுத்திடவா?” என்று மனைவி கேட்டாள்.

“வேண்டாம், ஓடட்டும்.”

படம் ஓடியது. கடல் வந்தது. அதே நிறத்தில் ஒரு குதிரை அலையில் வந்து நின்றபோது, அந்த ஒற்றை நாற்காலியில் ஆள் இல்லை.