ஓவன் முன்னால் ஒரு சொற்பொழிவு

சூடேறாத ஓவனின் பின்தகட்டை மாமனார் கழற்றி வைத்துவிட்டார். மின்துறையில் முப்பத்து நான்கு வருடம் பொறியாளராக இருந்தவர். பேனாவைத் தவிர வேறு கருவியைத் தொட்டதில்லை. இன்று தொட்டார். வெறுங்கால். அப்போதுதான் துடைத்த ஈரத் தரை.

“மாமா, கை வைக்காதீங்க. கரன்ட் இருக்கு,” என்றாள் மருமகள். லிஃப்ட் பழுதுபார்ப்பவள். அவள் வைத்த டெஸ்டர், உள்ளே தெரிந்த கம்பி முனையில் சிவப்பாய் எரிந்தது.

“சுவிட்ச நான்தாம்மா அணைச்சேன். உள்ள லைட்டும் அணைஞ்சுடுச்சு. உன் டெஸ்டர் ஓட்டை.”

இந்த வீட்டு ஒயரிங் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவிட்டது. சுவிட்சை மின்சாரம் வருகிற கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகிற கம்பியில் வைக்கச் சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியன் ஏதோ முனகியதற்கு, “நீ படிச்சவனா, நான் படிச்சவனா?” என்று கேட்டதாக வரலாறு. ஆகவே சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் ஓவனுக்குள் வந்து, போக வழியின்றி, ஓர் ஆளுக்காகக் காத்திருந்தது.

ஆள் விரலை நீட்டினார். “தொட்டே காட்டுறேன்.”

அவரைப் பிடித்து இழுக்கலாம்; ஆனால் அந்தத் தள்ளுமுள்ளில் விரல் பட்டுவிட்டால் இருவருமாகப் போக வேண்டியதுதான். மெயின் சுவிட்சோ கீழே, பதினெட்டுப் படி இறங்கி. மருமகள், பின்னால் நின்றிருந்த மாமியாரைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். மூட்டுவலிக்காரி புரிந்துகொண்டு ஓசைப்படாமல் நகர்ந்தாள்.

“மாமா, ஒரே ஒரு சந்தேகம். கரன்ட்டுன்னா என்னதான் மாமா? எங்க வாத்தியாருக்கே சரியாத் தெரியல.”

முனைக்கு ஓரங்குலத்தில் விரல் நின்றது. பிறகு, கேள்வியின் கௌரவத்தை முன்னிட்டு மேலே உயர்ந்தது.

“நல்ல கேள்வி! இத மூணு கோணத்துல பாக்கணும்…”

படியில் செருப்புச் சத்தம். ஒன்று. இரண்டு. நின்றது. மறுபடி ஒன்று.

இரண்டாம் கோணத்திலேயே அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. விரல் இறங்கியது.

“மூணாவது கோணம் மாமா?”

“அது உன் லெவலுக்கு வேணாம்.”

“உங்க லெவல்லயே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

மளிகைச் சீட்டைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். எழுத ஆள் கிடைத்ததும் மாமனார் நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். “முதல்ல தலைப்புப் போடு.”

தலைப்பில் பாதி எழுதுகையில், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார் குனிந்து, கம்பி முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். “பாத்தியா? அடிக்குதா? இனிமே அந்த டெஸ்டர நம்பாத.”

கீழிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. “என்னங்க… இருக்கீங்களா?”

“எங்க போயிடப் போறேன்?” என்று எரிந்து விழுந்தார்.