சம பரப்பு

நான் சத்தமாகக் கதைக்கிற ஆள் இல்லை. அன்று கத்தினேன் என்றால் அதற்கு ரயில்தான் காரணம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மதில்தான். காற்றுக்காக வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தேன். நான் விரும்புகிற தாரிகாவின் பெற்றோர் முதன்முறையாக என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் லண்டனில் ஒரு மாப்பிள்ளை தயார். சீதனம் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தது அவளுடைய அப்பா இரத்தினசிங்கத்துக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்திருந்தது. "ஒண்டும் கேக்காதவன் பிறகு எல்லாம் கேப்பான்" என்றாராம்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பன் பற்றிக் போன் எடுத்தான். நாங்கள் இருவரும் ஒரு புவியியல் புத்தகத்தைத் தமிழாக்குகிறோம். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கிற முறைக்கு எறியம் என்று பெயர். எந்த எறியத்திலும் ஏதாவது ஒன்று கெடும். நாடுகளின் வடிவத்தைக் காப்பாற்றினால் அளவு பொய்யாகும்; அளவைக் காப்பாற்றினால் வடிவம் கோணும். அட்டைக்கு எந்த உலகப்படம் என்பதே எங்கள் சண்டை. அவன் வடிவத்தின் கட்சி, நான் அளவின் கட்சி.

"வடிவம் முக்கியமில்லை மச்சான்!" ரயிலுக்கு மேலால் கத்தினேன். "அது எப்பிடிக் கோணினாலும் பரவாயில்லை. மேலையும் கீழையும் வீங்கினது எனக்கு வேண்டாம். சம பரப்புத்தான் வேணும், சொல்லிப்போட்டன்!"

திரும்பினால், வாசலில் இரத்தினசிங்கமும் மனைவி கௌரியும். அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

உள்ளே வந்து இருந்தார்கள். தேநீர் கொடுத்தேன். எவரும் பேசவில்லை. மௌனத்தை மதிக்கிற குடும்பம் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"தம்பி," என்றார் இரத்தினசிங்கம். "கோண்டாவில் காணி எட்டுப் பரப்பு. எங்களுக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். தாரிகாவுக்கு நாலு. நீங்கள் கேட்டமாதிரிச் சமன்தான்."

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தான் அளப்பார்கள். மாடி வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரிந்ததோ சதுர அடி. இவர் ஏன் காணிக்கதை சொல்கிறார் என்று யோசித்தேன். விளங்காதபோது நான் பேசுவதில்லை.

"சரி, அஞ்சு."

தண்டவாளத்துக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்தேன்.

"கிணத்தோடை சேர்த்து ஆறு!"

"என்னப்பா நீங்கள்?" என்றார் கௌரி. "அப்ப மூத்தவளுக்கு என்ன, கிணத்து வாளியோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, என்ர பிள்ளை வடிவில்லை எண்டுறீர். அதை விடுவம். அவளுக்கு எங்கை வீக்கம் கண்டனீர்?"

அப்போதுதான் விளங்கியது. 'வடிவம்' என்றதன் கடைசி எழுத்தை ரயில் விழுங்கி, அது 'வடிவு', அதாவது அழகு, என்று வாசலுக்குப் போயிருக்கிறது.

ஓடிப்போய் இரண்டு உலகப்படங்களையும் கொண்டுவந்து விரித்தேன்.

"அன்ரி, வீங்கினது கிறீன்லாந்து! இந்தப் படத்திலை ஆபிரிக்கா அளவு நிக்குது, பாருங்கோ. உண்மையிலை பதினாலு கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குள்ளை கொள்ளும். மற்றது சம பரப்பு எறியம். அதிலை அளவு சரி, வடிவம்தான் கொஞ்சம்..."

கௌரி குனிந்து பார்த்தார். "கொஞ்சமோ? கல்லுக் கட்டின புடலங்காய் மாதிரியெல்லோ தொங்குது ஆபிரிக்கா."

இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப காணி?"

"வேண்டாம் அங்கிள்."

"ஆறு பரப்பும்?"

"ஆறும்."

"கிணறு?"

"கிணறும் வேண்டாம்."

அதுவரை மடியிலேயே வைத்திருந்த வாழைப்பழத்தை மேசையில் வைத்தார்.

"தாரிகாவின்ரை பேரிலை நாலு எழுதுவன். உமக்கு ஒரு அடியும் இல்லை. நாளைக்குச் சாதகத்தைக் கொண்டுவாரும்."

படியிறங்கும்போதே கௌரி போனில் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்க வேண்டும். அவர்கள் கேற்றைத் தாண்டுமுன் எனக்குத் தாரிகாவின் அழைப்பு வந்தது.

"வடிவு முக்கியமில்லையாம்?"

நான் வழக்கம்போல மௌனமாக இருந்தேன். இந்த மௌனத்துக்கு அவள் ஒன்றும் கூட்டித் தருவதாக இல்லை.

பற்றிக்கை அழைத்தேன். "மச்சான், அட்டைக்கு நீ சொன்ன படத்தையே போடு. கிறீன்லாந்து வீங்கினா வீங்கட்டும்."